முதல் ஒரு மணி நேரம்: ஹைதராபாத்தில் பயிலும் மாணவர்களின் பாதுகாப்பு

கல்வியாண்டு தொடங்கும் வேளையில், தாம்பரத்திலிருந்து ஹைதராபாத்துக்குப் புறப்படும் சார்மினார் விரைவு வண்டியில் பெட்டியும் படுக்கையுமாக ஏறும் இளைஞர்களின் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. 1918இல் நிறுவப்பெற்ற உஸ்மானியா பல்கலைக்கழகம், 1974இல் தொடங்கப்பெற்ற ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம், நல்சார் சட்டப் பல்கலைக்கழகம், கச்சிபௌலியிலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் என்று ஒரே நகரைச் சுற்றி இத்தனை உயர்கல்வி நிலையங்கள் அமைந்திருப்பது அரிது. இவை போதாவென்று, அமீர்பேட்டையின் மென்பொருள் பயிற்சிக் கூடங்களும், அசோக் நகர், தில்சுக்நகர் பகுதிகளின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களும் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகளை ஈர்க்கின்றன.

பிள்ளையை அங்கே அனுப்பும் பெற்றோர் வங்கிக் கிளைக்கு வரும்போது பொதுவாகக் கேட்பது ஒன்றே: மாதந்தோறும் பணத்தை எவ்வாறு அனுப்புவது? மற்றொரு கேள்வியை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்: அந்தப் பெருநகரில் பிள்ளை பத்திரமாக இருக்க முடியுமா? இவ்விரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகக் கருதிய காலம் மறைந்துவிட்டது. இருட்டுச் சாலையில் நிற்பவனைவிட, பட்டப்பகலில் கைப்பேசி வழியே பேசுபவன் இன்று மாணவர்களுக்கு நெருக்கமாக வந்துவிட்டான். சாலையிலானாலும் கணக்கிலானாலும், தீங்கு நேர்ந்த பின் எவ்வளவு பெரியதாகும் என்பதை, அது எத்தனை விரைவாக உரியவரிடம் சொல்லப்படுகிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதனை மையமாக வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நகரமும் அதன் தொலைவுகளும்

ஹைதராபாத்தின் அமைப்பை அறியாமல் அங்குள்ள மாணவரின் அன்றாட இடர்களை அறிய இயலாது. 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை நகரைச் சூழ்ந்து செல்கிறது. கட்கேசர், இப்ராஹிம்பட்டணம், மொய்னாபாத், மேட்சல் போன்ற புறநகர்ப் பகுதிகளில், அந்தச் சாலையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. 2017 நவம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில் மியாப்பூரையும் எல்.பி. நகரையும், நாகோலையும் ராய்துர்க்கத்தையும் இணைக்கிறது. ஆயினும் கச்சிபௌலிப் பல்கலைக்கழக வளாகத்தின் வாயிலுக்கு அது வருவதில்லை. நிலையத்திலிருந்து வளாகத்துக்கும், பேருந்து நிறுத்தத்திலிருந்து விடுதிக்கும் உள்ள அந்தக் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் கவலைக்குரிய தொலைவு. அதனை ஷேர் ஆட்டோவிலோ, அறிமுகமற்றவரின் இருசக்கர வாகனத்திலோ கடக்க நேரிடுகிறது.

அறையை வாடகைக்கு எடுக்கும்போது வாடகைத் தொகையையும் உணவையும் விசாரிக்கும் அளவுக்கு இந்தத் தொலைவை யாரும் விசாரிப்பதில்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒருமுறை அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. அமீர்பேட்டைச் சந்துகளில் வீட்டுக்கு வீடு தொங்கும் 'டு-லெட்' பலகைகளைப் பார்த்து நேரில் சென்று பேசுவது பழைய முறை. ஆயினும் அதுவே பாதுகாப்பான முறையும்கூட. இணையத்தில் அறையின் படங்களை மட்டும் காட்டி, தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும் வெளியூரில் இருப்பதாகவும் கூறி, சாவி அனுப்புவதற்கு முன்பணம் கேட்பவர்கள் பல நகரங்களில் பலரை ஏமாற்றியுள்ளனர். கண்ணால் காணாத அறைக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பிள்ளைகளுக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு, அது மொழி. அவசர உதவிக்கு 112 அல்லது 100 என்ற எண்ணை அழைத்தால் முதலில் கேட்கப்படுவது 'எங்கே இருக்கிறீர்கள்?' என்பதுதான். பதற்றத்தில் தெலுங்கும் வராது, உருது கலந்த தக்கணி இந்தியும் வராது, தெருப் பெயரும் நினைவுக்கு வராது. ஹைதராபாத்வாசிகள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். மெட்ரோ பாதையைத் தாங்கும் தூண்களிலும், மெஹ்திப்பட்டணத்திலிருந்து விமான நிலையத் திசையில் செல்லும் பி.வி. நரசிம்ம ராவ் மேம்பாலத்தின் தூண்களிலும் எண்கள் எழுதப்பட்டுள்ளன. கடைகளின் முகவரிகளே 'இத்தனையாவது பில்லர்' என்றுதான் எழுதப்படுகின்றன. பக்கத்துத் தூணின் எண்ணைச் சொன்னால் போதும், இடம் விளங்கிவிடும். புதிதாகச் சென்ற மாணவர் முதல் வாரத்திலேயே தம் விடுதிக்கும் கல்லூரிக்கும் அருகிலுள்ள தூண் எண்ணையோ, அஃது இல்லாத இடத்தில் எல்லோரும் அறிந்த ஒரு கட்டடத்தின் பெயரையோ மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

ஓர் இரவு மாற்றிய நடைமுறை

2019 நவம்பர் 27ஆம் நாள் இரவை ஹைதராபாத் மறக்கவில்லை. நகரின் தெற்கே, ஷம்ஷாபாத் அருகேயுள்ள சுங்கச்சாவடிப் பகுதியில் தம் ஸ்கூட்டரை நிறுத்திச் சென்றிருந்த இளம் கால்நடை மருத்துவர், திரும்பி வந்தபோது அதன் சக்கரத்தில் காற்று இல்லை. உதவுவதாக வந்தவர்களே அதனைச் செய்தவர்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அவர் தம் தங்கையைக் கைப்பேசியில் அழைத்து, தமக்கு அச்சமாக இருப்பதாகத் தெரிவித்தார். சிறிது நேரத்தில் அந்தக் கைப்பேசி அடங்கிவிட்டது. குடும்பத்தினர் காவல் நிலையத்தை நாடியபோது, நிகழ்விடம் தங்கள் எல்லைக்குள் வராது என்று கூறி அவர்கள் அலைக்கழிக்கப்பட்டனர். மறுநாள் காலை அவருடைய எரிந்த உடல் ஷாத்நகர் அருகே ஒரு பாலத்தின் கீழ் கிடைத்தது. புகாரைப் பதிவு செய்வதில் தாமதம் காட்டியதற்காகக் காவலர் மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர்.

அந்த மருத்துவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அச்சம் எழுந்த உடனே ஒருவரிடம் சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்தார். தவறியது, சொன்ன செய்தி உரிய இடத்தைச் சென்றடையும் வழி. அந்த வழியைச் சட்டம் பின்னர் அகலப்படுத்தியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்தப் பகுதியில் நிகழ்ந்திருந்தாலும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் அளிக்கலாம். இதனையே 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்கிறோம். மின்னணு முறையிலும் தகவல் தரலாம். தந்தவர் மூன்று நாள்களுக்குள் அதில் கையொப்பமிட வேண்டும். பல காவல் ஆணையரகங்களாகப் பிரிந்துள்ள ஹைதராபாத் பெருநகரில், எந்தச் சாலை எந்த ஆணையரகத்தில் அடங்கும் என்று வெளியூர் மாணவர் அறிந்திருக்க இயலாது. அறிந்திருக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை. 'இது எங்கள் எல்லை இல்லை' என்று எவரேனும் கூறினால், மேற்கண்ட பிரிவைப் பணிவோடு, ஆனால் உறுதியோடு எடுத்துக்கூறும் உரிமை மாணவருக்கு உண்டு.

தெலங்கானா காவல்துறையின் பணிகளில் குறிப்பிடத்தக்கது, 2014 அக்டோபர் 24 அன்று ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட 'ஷி டீம்ஸ்' அமைப்பு. சீருடை அணியாத காவலர்கள் சிறு குழுக்களாகப் பேருந்து நிறுத்தங்களிலும் கல்லூரி வாயில்களிலும் சந்தைகளிலும் நின்று, பெண்களைத் தொல்லை செய்வோரைக் காணொளிச் சான்றோடு பிடிக்கின்றனர். வழக்குப் பதிவதோடு, பிடிபட்ட இளைஞர்களை அவர்களின் பெற்றோர் முன்னிலையில் அறிவுரைக்கு உட்படுத்துவதும் இவர்களின் வழக்கம். பின்தொடர்தல், தொடர் அழைப்புகள், படங்களைக் காட்டி மிரட்டுதல் ஆகியவற்றுக்கும் இவர்களை அணுகலாம். 2024 மார்ச்சில் தொடங்கிய 'டி-சேஃப்' என்னும் சேவை, தனியே பயணம் செய்யும் பெண்ணின் வாகனப் பாதையைக் காவல்துறையே கண்காணிக்கும் ஏற்பாடு. திறன்பேசி இல்லாதவரும் 100ஐ அழைத்து இந்தச் சேவையைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

பாதுகாப்பு என்றதும் பெண்பிள்ளைகளை மாலை ஆறரை மணிக்குள் விடுதிக்குள் அடைத்துவிடுவதையே முழுத் தீர்வாகக் கருதும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதனோடு நாம் உடன்படவில்லை. இனி நாம் விவரிக்கப்போகும் குற்றங்கள் வாயிற்கதவு பூட்டப்பட்ட விடுதி அறைக்குள், கட்டிலில் சாய்ந்திருக்கும் ஆண்பிள்ளைகளையும் தேடி வருகின்றன.

வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்கு

சாலையில் நேரும் குற்றத்தில் மாணவர் பாதிக்கப்படுபவராக மட்டுமே இருப்பார். வங்கிக் கணக்கு சார்ந்த குற்றங்களில் ஒன்று மட்டும், பாதிப்பு ஏதும் தோன்றாமலேயே அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. பெற்றோர் பலர் அறியாததும் இதுவே. ஆதலால் இதனைச் சற்று விரித்துரைக்கிறோம்.

விடுதி நண்பர் ஒருவரோ, டெலிகிராம் குழுவில் அறிமுகமான ஒருவரோ மாணவரிடம் இப்படிப் பேச்சைத் தொடங்குவார்: "எங்கள் நிறுவனத்துக்கு வரிச் சிக்கல் இருக்கிறது. உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும். அதை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிடு. வருவதில் இரண்டு விழுக்காடு உனக்கு." சில வேளைகளில் அதுவும் வேண்டாம், புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, காசோலைப் புத்தகம், பற்று அட்டை, அக்கணக்குடன் இணைந்த சிம் அட்டை ஆகியவற்றை ஒப்படைத்தால் சில ஆயிரம் ரூபாய் கையில் தரப்படும். மாணவர் எவரையும் ஏமாற்றவில்லை, எதையும் திருடவில்லை. சும்மா கிடக்கும் கணக்குதானே என்று தோன்றுவது இயல்பு.

அந்தக் கணக்கில் வந்து விழுவது, நாட்டின் ஏதோ ஒரு மூலையில் ஓய்வூதியர் ஒருவரிடமிருந்தோ இல்லத்தரசி ஒருவரிடமிருந்தோ ஏமாற்றிப் பறித்த பணம். பிறர் சுமையை ஏன் எதற்கென்று அறியாமல் சுமக்கும் கோவேறு கழுதை என்னும் பொருளில் இதற்கு 'மியூல் கணக்கு' என்று பெயர். மோசடிக்காரர் தம் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பறித்த பணம் சில நிமிடங்களுக்குள் ஐந்தாறு மியூல் கணக்குகளைக் கடந்து, ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ மாறிவிடும். வாடகைக் கணக்குகள் இல்லையெனில் இந்தத் தொழிலே நடைபெறாது.

ஹைதராபாத்தில் இதன் அளவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. 2024 ஆகஸ்டில் தெலங்கானா சைபர் பாதுகாப்புப் பிரிவு வெளிக்கொணர்ந்த வழக்கொன்றில், நகரின் ஒரே கிளையிலிருந்த ஆறு கணக்குகளில் அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 175 கோடி ரூபாய் கைமாறியிருந்தது. அக்கணக்குகளோடு தொடர்புடைய புகார்கள் 600 அளவில் இருந்தன. கைதானவர்களில் ஆட்டோ ஓட்டுநர்கள் இருந்தனர். ஏழை எளியோரைக் கமிஷன் ஆசை காட்டிக் கணக்குத் திறக்கச் செய்திருந்தனர். வேறு வழக்குகளில் கல்லூரி மாணவர்களும் இவ்வாறே சிக்கியுள்ளனர்.

புகார் ஒன்று பதிவானதும் பணம் சென்ற வழியிலுள்ள ஒவ்வொரு கணக்கும் முடக்கப்படும். வீட்டிலிருந்து வந்த தேர்வுக் கட்டணமும் அதனோடு முடங்கும். பாதிக்கப்பட்டவர் ராஜஸ்தானில் இருந்தால் விசாரணைக்கான அறிவிப்பும் அங்கிருந்தே வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவின் கீழ் மோசடிக்கு ஏழாண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவதற்குள் வளாக நேர்காணலும் கடவுச்சீட்டு விண்ணப்பமும் காத்துக்கொண்டிருக்கமாட்டா. இத்தகைய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல் ஹண்டர்' என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மாதம் எட்டாயிரம் ரூபாய் வரவுள்ள மாணவர் கணக்கில் திடீரென எட்டு லட்சம் வந்து, பத்தே நிமிடத்தில் வெளியேறினால் வங்கிகளின் கண்காணிப்புக்கு அது தப்பாது.

அறியாத இடத்திலிருந்து பணம் வந்து சேர்ந்தால் அதனைச் செலவிடவும் கூடாது; 'தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்பு' என்று அழைப்பவரின் சொல்லைக் கேட்டு நாமாகத் திருப்பவும் கூடாது. கணக்கு வைத்துள்ள கிளைக்கு அன்றே எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். உண்மையாகவே தவறி வந்த பணமாயின், அனுப்பியவரின் வங்கி வழியாக அது முறைப்படி திரும்பும். மாணவர் கையில் இருக்கும் அந்தக் கடிதத்தின் நகல் பின்னாளில் பேருதவியாகும்.

எளிதாகத் தோன்றும் வருமானம், எளிதாகக் கிடைக்கும் கடன்

பகுதிநேர வேலை என்னும் வலையைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2023 ஜூலையில் ஹைதராபாத் மாநகரக் காவல்துறை, 712 கோடி ரூபாய் மோசடி ஒன்றை அம்பலப்படுத்தி ஒன்பது பேரைக் கைது செய்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 பேர் ஏமாந்திருந்தனர். விசாரணைக்கு வித்திட்டது, 28 லட்சம் ரூபாய் இழந்த நகரவாசி ஒருவரின் புகார். டெலிகிராம் வழியே அவருக்கு வந்தது, இணையதளங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் எளிய வேலை. முதலில் சிறு தொகையைக் கட்டச் சொல்லி, சில மணி நேரத்தில் ஆதாயத்துடன் திருப்பித் தந்தனர். அந்தச் சிறு ஆதாயம்தான் தூண்டிலில் கோத்த புழு. பிறகு கட்ட வேண்டிய தொகை படிப்படியாக உயர்ந்தது. திரையில் இருப்புத் தொகையும் உயர்ந்துகொண்டே போனது. எடுக்க முயன்றபோது மட்டும் மேலும் கட்டச் சொன்னது. வேலைக்குச் சேருபவர் முதலாளிக்குப் பணம் கட்டும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை. மாதப்பூர், கொண்டாப்பூர் பகுதிகளில் 'பின்வாசல் வேலை' பெற்றுத்தருவதாக லட்சக்கணக்கில் வசூலித்து மறைந்த போலி நிறுவனங்களுக்கும் இஃது பொருந்தும்.

இழந்ததை ஈடுகட்ட மாணவர் அடுத்து நாடுவது உடனடிக் கடன் செயலி. 2020 டிசம்பரில் தெலங்கானாவில் நேர்ந்த தற்கொலைகள் இச்செயலிகளின் கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காகக் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, உறவினருக்கெல்லாம் இழிவான செய்திகளை அனுப்பிய முகவர்கள் ஹைதராபாத்தில் கைதாயினர். இதனையடுத்து ரிசர்வ் வங்கி பணிக்குழு அமைத்து, 2022 செப்டம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது. கடன் தொகை கடன் வாங்குபவரின் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக்கூடாது. குறிப்பிட்ட நாள்களுக்குள் கூடுதல் அபராதமின்றிக் கடனைத் திருப்பி விலகும் வாய்ப்பும் உண்டு. அனுமதி பெற்ற கடன் நிறுவனங்களின் செயலிகள் எவை என்று காட்டும் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் உள்ளது. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியை அந்தக் கணமே நீக்கிவிடலாம்.

1930 என்னும் எண்

இத்தனைக்குப் பின்னும் பணம் பறிபோய்விட்டால்? அப்போது அழைக்க வேண்டிய எண் 1930. உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் ஏற்பாடான இது, எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் இயங்கும். அழைப்பை ஏற்பவர் கேட்பவை சில: பணம் எந்தக் கணக்கிலிருந்து சென்றது, எத்தனை ரூபாய், எந்த நாள், எந்த நேரம், பரிவர்த்தனையின் எண் யாது. யு.பி.ஐ. செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் காணப்படும் 12 இலக்க எண்ணே பின்னது. இவ்விவரம் கணினியில் ஏறியதும், பணம் சென்ற வங்கிக்கு உடனே தகவல் பறக்கிறது. அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் அங்கே தொடரும். பணத்துக்கும் தகவலுக்கும் இடையிலான ஓட்டப்பந்தயம் இது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவருக்கும் மறுநாள் அழைத்தவருக்கும் கிடைக்கும் பயன் ஒன்றாக இருக்க முடியாது. நிறுத்திவைக்கப்பட்ட தொகை நீதிமன்ற ஆணையின் வழியே திரும்பும். தெலங்கானாவில் லோக் அதாலத்துகள் வழியாகவும் இவ்வாறு பலருக்குப் பணம் கிடைத்துள்ளது. தொலைபேசியில் தெரிவித்தபின், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரை நிறைவு செய்தல் அவசியம்.

வங்கியின் பொறுப்பு எதுவரை என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பின் ஊடுருவலால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து செய்தி வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தாமே இரகசிய எண்ணை அழுத்தியோ, ஓ.டி.பி.யைப் பகிர்ந்தோ பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளரையே சேரும். தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். மாணவர்கள் ஏமாறும் நிகழ்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையின. ஆகவே அவர்களுக்கு 1930ஐவிடப் பெரிய துணை வேறில்லை.

கைப்பேசி களவு போனாலும் இதே விரைவு தேவை. முதலில் சிம் அட்டையையும், பின் யு.பி.ஐ. வசதியையும் முடக்க வேண்டும். களவாடியவனுக்குக் கைப்பேசியின் விலையைவிட அதனுள்ளிருக்கும் கணக்கு பெரிது. அதன்பின் காவல் நிலையப் புகாரின் நகலோடு, தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் கருவியையே நாடு முழுவதும் முடக்கக் கோரலாம். 2023இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின் மூலம் தெலங்கானாக் காவல்துறை ஏராளமான கைப்பேசிகளை மீட்டு உரியவரிடம் சேர்த்துள்ளது. இதற்குக் கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தேவை. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். தொலைந்த பின் அழுத்த இயலாதாகையால் இன்றே குறித்து, ஒரு பிரதியை ஊரிலுள்ள வீட்டில் வைத்துவிடுக.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு

பெற்றோரையும் குறிவைக்கும் அழைப்புகள் உண்டு. காவலர் சீருடையணிந்தவரின் படம் தாங்கிய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, 'உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டுள்ளான். பெயர் வெளிவராதிருக்க உடனே பணம் அனுப்புங்கள்' என்று மிரட்டுவார்கள். பின்னணியில் பிள்ளை அழும் குரலும் கேட்கும். அது செயற்கையாக உருவாக்கியதாகவும் இருக்கலாம். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. காணொளி அழைப்பில் எவரும் எவரையும் கைது செய்ய முடியாது. அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையின் எண்ணுக்கு அழையுங்கள். எடுக்காவிட்டால் அறைத் தோழருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் அழையுங்கள். அவ்வெண்கள் உங்களிடம் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதே கேள்வி. குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்வதும் பயனுள்ளது. பாட்டியார் வளர்த்த பசுவின் பெயரே போதும்.

கணக்கைப் பொறுத்தமட்டில், கல்விக் கட்டணத்துக்கு ஒரு கணக்கும் அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கும் வைப்பது நாம் பரிந்துரைக்கும் முறை. யு.பி.ஐ. வசதி இரண்டாவதில் மட்டும் இருக்கட்டும். பற்று அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவைக்கவும், நாள் வரம்பைக் குறைக்கவும் 2020 முதல் எல்லா வங்கிகளிலும் வசதி உண்டு. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது என்பதைப் பிள்ளைக்கு ஒரு முறைக்கு இருமுறை சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது வேறொன்று. முப்பதாயிரம் ரூபாயை இழந்த மாணவர் முதலில் அஞ்சுவது மோசடிக்காரனுக்கு அன்று, தந்தைக்கு. வீட்டில் சொல்லாமல் எப்படியாவது ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணிக் கழியும் அந்த இரண்டு நாள்களில்தான் பணம் கைக்கெட்டாத தொலைவுக்குப் போகிறது. கடன் செயலியும் உள்ளே நுழைகிறது. ஆகவே, ஊரிலிருந்து புறப்படும்போது பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: "பணம் போனால் முதலில் 1930, அடுத்து வங்கி, அதற்கடுத்து எனக்கு. திட்டமாட்டேன்." அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். ராகிங் கொடுமை நேர்ந்தாலும் இவ்வாறே; பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகளின்கீழ் இயங்கும் 1800-180-5522 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம்.

படிப்பு முடிந்து நகரை விட்டுக் கிளம்பும் நாளிலும் ஒரு வேலை மீதமிருக்கும். இனித் தேவைப்படாத கணக்கு என்று அட்டையையும் சிம்மையும் அறைத் தோழரிடமோ இடைத்தரகரிடமோ விட்டுவருபவர்களின் கணக்குகள், வாடகைக் கணக்குகளைத் தேடுவோருக்கு மிகவும் விருப்பமானவை. கணக்கை முறைப்படி முடித்துவிடலாம். அல்லது எண் மாறாமலேயே சொந்த ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைச் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்த்து, தம்முடையது அல்லாததை நீக்கக் கோரலாம். மாற்ற விண்ணப்பத்துக்கு அடையாளச் சான்றும் புதிய முகவரிச் சான்றும் போதும்; ரயிலேறுவதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கிளைக்குச் சென்றால் கடைசி நாள் அலைச்சல் இராது.